கெஜமும் முழமும்

(நீலகிரி மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே “அளவைகள்” என்னும் ஒரு சொல் மட்டும் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு, தங்களில் சிலர் புன்னகை புரிந்ததை நான் கவனித்தேன். கடன், உரம், நாற்று, சாலை என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்க, பள்ளிப் பிள்ளைகளின் வாய்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓர் அதிகாரி வந்து நிற்கிறாரே என்று தாங்கள் எண்ணியிருக்கலாம். பட்டம் பெற்று வெளியே வந்த நாளில் நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒரு தடுப்புச் சுவர்தான் எனக்கு அந்த வாய்பாட்டை மீண்டும் கற்பித்தது.

அந்த ஊரின் பெயர் இங்கு வேண்டாம். சரிவில் அமைந்த ஒரு ஹட்டி, வரிசையாக வீடுகள், அவற்றின் பின்புறம் செங்குத்தான மண் மேடு. ஐப்பசி மழையில் ஆண்டுதோறும் மண் சரியும். சுவர் எழுப்புவதென்று முடிவாயிற்று. ஓவர்சீயர் அளவு நாடாவைப் பிடித்து, நாற்பது மீட்டர் என்று கண்டார். ஊர்ப் பெரியவர்களோ கெஜக் கணக்கில் பேசிப் பழகியவர்கள். கூட்டத்தில் “நாற்பது” என்ற எண் மட்டும் எல்லார் வாயிலும் இருந்தது. தீர்மானப் புத்தகத்தில் “நாற்பது கெஜம்” என்று எழுதப்பட்டுவிட்டது. தீர்மானத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரித்தவர் மிகவும் ஒழுங்கானவர். நாற்பது கெஜத்தை முறையாக மீட்டராக்கி 36.58 என்று போட்டார். அதில் கையொப்பம் இட்டவர்களில் நானும் ஒருவன். சுவரும் அந்த அளவிலேயே, குற்றம் சொல்ல இயலாதபடி, உறுதியாகக் கட்டப்பட்டது.

ஆனால் மேடு முடியும் முன்பே சுவர் முடிந்துவிட்டது. மீதி 3.42 மீட்டர், அதாவது ஏழரை முழம். ஏழரை என்னும் எண்ணுக்கு நம் நாட்டில் உள்ள பெயரைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏழரை முழத்துக்கு நேர் எதிரே தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீடு இருந்தது. அவ்வாண்டு மழையில் தண்ணீர் முழுவதும் சுவரோரமாக ஓடிவந்து அந்த இடைவெளியில் புகுந்தது. பின்புற மண்சுவர் விழுந்தது. மூதாட்டி அன்றிரவு மகள் வீட்டுக்குச் சென்றிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தபோது ஒவ்வொருவர் கணக்கும் சரியாகவே இருந்தது. கெஜத்துக்கும் மீட்டருக்கும் இடையே ஒரு சொல் இடம் மாறியதைத்தான் எவரும் பார்க்கவில்லை.

ஆகவே வாய்பாட்டைச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன். ஒரு கெஜம் மூன்று அடி, முப்பத்தாறு அங்குலம். ஒரு முழம் ஒன்றரை அடி, பதினெட்டு அங்குலம். எனவே ஒரு கெஜம் இரண்டு முழம். முழத்தில் பாதி சாண். அது ஒன்பது அங்குலம். கெஜத்தை முழமாக்க இரண்டால் பெருக்குக; முழத்தைக் கெஜமாக்கப் பாதியாக்குக. இதைவிட எளிய கணக்கு உலகில் இல்லை. இவ்வளவு எளிய கணக்கில் தகராறு வருவானேன் என்று கேட்கலாம். முழம் என்பது யாருடைய முழம் என்ற கேள்வியில்தான் தகராறு பிறக்கிறது.

முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமே முழம். அதைக் கடவுள் ஆளுக்கு ஒரு விதமாகக் கொடுத்திருக்கிறார். முன்பு ஒரு முகாமில் ஆறடி விசிப்பலகை ஒன்றை மூவரைக் கொண்டு அளக்கச் செய்தேன். சரியாக நான்கு முழம் வர வேண்டும். ஒருவருக்கு நான்கு வந்தது. நல்ல உயரமான ஒரு விவசாயிக்கு நான்குக்குக் கால் முழம் குறைந்தது. ஓர் அம்மையாருக்கு நாலரை வந்தது. பலகை வளரவும் இல்லை, குறையவும் இல்லை. பூக்கடையில் முழம் போடுவதைப் பற்றி இங்குள்ள தாய்மார்கள் இப்போது தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். அந்த வழக்கை விசாரிக்கும் துணிவு எனக்கு இல்லை.

“எண்சாண் உடம்பு” என்று நம் முன்னோர் சொன்னபோது, அவரவர் உடம்பு அவரவர் கையால் எட்டுச் சாண் என்றே கருதினர். ஒருவன் தன் வீட்டுத் திண்ணையைத் தன் கையால் அளந்து தானே கட்டிக்கொள்ளும் வரை அதனால் தீங்கில்லை. மற்றொருவரிடம் வாங்குவது, விற்பது, கூலி கொடுப்பது என்று வந்துவிட்டால் கையை நம்ப இயலாது. இதைச் சோழர் காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள். நிலம் அளக்கப் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கோல்களை வகுத்தார்கள். கோயிற் சுவர்களிலும் அளவுகோலைப் பொறித்து வைத்தார்கள். யார் வேண்டுமாயினும் தன் கோலைக் கொண்டுபோய் அந்தக் கல்லோடு ஒட்டிப் பார்க்கலாம் அல்லவா?

மற்றொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய தமிழ் வாய்பாட்டில் பன்னிரண்டு விரல் ஒரு சாண், இருபத்து நான்கு விரல் ஒரு முழம். அந்த விரலுக்கு அங்குலம் என்றும் பெயர் உண்டு. ஆங்கிலேயர் கொண்டுவந்த இஞ்சுக்கும் நாம் அங்குலம் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆக ஒரு முழத்துக்குப் பழைய அங்குலம் 24, புதிய அங்குலம் 18. பழைய அங்குலம் முக்கால் இஞ்சுதான். வயது முதிர்ந்த தச்சர் “ஆறு அங்குலம்” என்றால், எந்த அங்குலம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. நான் இந்த உரையில் விரல் என்றால் பழையது, அங்குலம் என்றால் இஞ்சு.

கெஜமும் எக்காலத்தும் ஒரே நீளமாக இருந்ததன்று. அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். அக்பர் காலத்து இலாகி கெஜம் நாற்பத்தொரு விரல். வட இந்தியாவில் ஆங்கிலேயர் அதை முப்பத்து மூன்று அங்குலம் என்று வைத்துக்கொண்டனர். நம் பக்கத்தில் ஆங்கிலக் கெஜமே முப்பத்தாறு அங்குலமாக நிலைத்தது. அந்த ஆங்கிலக் கெஜத்தையுங்கூட, பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட ஆறு நாடுகள் 1959-ஆம் ஆண்டில் உடன்பாடு செய்துகொண்டு, 0.9144 மீட்டர் என்று மீட்டரைக் கொண்டே வரையறுத்துவிட்டன. கெஜம் இன்று மீட்டரின் நிழலில் வாழும் அளவை.

மீட்டர் நமக்குப் புதிய விருந்தாளி என்று எண்ண வேண்டாம். இந்திய நாடாளுமன்றம் 1956-ல் எடை அளவைச் சட்டத்தை இயற்றி, 1957 ஏப்ரலில் நயா பைசாவும் 1958 அக்டோபரில் கிலோகிராமும் வந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் மீட்டர் கடைகளுக்கு வந்தது. ஆனால் நம் மலைக்கு அது அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏறிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் வந்து சேர்ந்த நமது மலை இரயிலின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் சரியாக ஒரு மீட்டர். கெஜத்தில் பேசி, கெஜத்தில் துணி வாங்கிய மக்கள், ஒரு மீட்டர் அகலப் பாதையில் பயணம் செய்து வந்தார்கள். வெலிங்டனிலோ அரவங்காட்டிலோ இரயிலுக்காக நிற்கும்போது, அந்த இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் பார்த்தறிய அதைவிட நல்ல கோல் நமக்கு இல்லை. (இறங்கி அளக்க வேண்டாம், நடைமேடையில் நின்று பார்த்தாலே போதும்.)

மீட்டர் கெஜத்தைவிட மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். நம் வாய்பாட்டில் சொன்னால், இரண்டு முழமும் நாலரை விரலும் ஒரு மீட்டர். நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி: பதினொரு மீட்டர் ஏறத்தாழப் பன்னிரண்டு கெஜம், இருபத்து நான்கு முழம். இக்கணக்கில் பதினொரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர்கூடப் பிழை வராது. பேச்சுக்கும் மதிப்புக்கும் இது போதும். பணம் கைமாறும் இடத்தில் 0.9144 என்னும் எண்ணால் பெருக்க வேண்டும்.

இனித் தேயிலைக்கு வருவோம். இங்கு வந்திருப்போரில் பெரும்பாலோர் சிறு தேயிலை விவசாயிகள். ஒற்றை வரிசை நடவுக்கு உபாசி பரிந்துரைக்கும் இடைவெளி வரிசைக்கு வரிசை 1.20 மீட்டர், செடிக்குச் செடி 0.75 மீட்டர். இதை முழத்தில் சொன்னால், வரிசைக்கு இரண்டரை முழமும் மூன்று விரலும்; செடிக்கு ஒன்றரை முழமும் மூன்று விரலுக்குச் சற்று மேலும். கேட்டவர் என்ன செய்கிறார்? விரல்களை விட்டுவிட்டு “இரண்டரை, ஒன்றரை” என்று எடுத்துக்கொண்டு போகிறார். மூன்று விரலில் என்ன வந்துவிடப் போகிறது என்பது அவர் எண்ணம்.

கணக்குப் பார்ப்போம். பரிந்துரைத்தபடி நட்டால், பாதையும் வடிகாலும் கழிக்காமல், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,500 செடிகள் பிடிக்கும். விரல்களை விட்டு, சரியான பதினெட்டு அங்குல முழக்கோலால் நட்டால் 5,160 செடிகளுக்கு மேல் தேவைப்படும். பதினேழு அங்குலக் கையால் முழம் போட்டு நட்டால் ஏறத்தாழ 5,790. நாற்றுப் பண்ணையில் 4,500 நாற்றுக்குப் பணம் கட்டி வந்தவர், நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெறுமையாக நிற்கக் கண்டு, “நாற்றுப் பண்ணைக்காரர் எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டார்” என்று சண்டைக்குப் போவார். அப்படி ஒரு வழக்கு என் மேசைக்கு வந்ததுண்டு. இருவரையும் அழைத்துக்கொண்டு நிலத்துக்கே போய், பத்துச் செடிகளுக்கு இடையே நாடாவைப் பிடித்த பிறகுதான் பண்ணைக்காரர் பழியிலிருந்து விடுபட்டார். பணத்தைக் காட்டிலும் வருத்தம் வேறொன்று உண்டு. தேயிலைச் செடி ஒரு பருவத்துப் பயிரன்று. நெருக்கி நட்ட பிழையை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் நிலம் சுமக்கும்.

உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு இதில் நல்வினை உண்டு. பாருக்குப் பார் 45 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய அப்படியே ஒரு முழம். கோலில் ஒரு முழத்தைக் குறித்துக்கொண்டால் வேறு கருவி வேண்டா.

மண் வேலைக்கு வந்தால் விஷயம் இன்னும் கடுமையாகிறது. நீளத்தில் கெஜத்தை மீட்டர் என்று கொண்டால் பிழை நூற்றுக்கு எட்டரை. பரப்பளவில் அது பதினாறுக்கு மேல். நீளம், அகலம், ஆழம் மூன்றும் சேர்ந்த கன அளவில் இருபத்து மூன்றரை. ஏனெனில் ஒரு கன கெஜம் என்பது 0.76 கன மீட்டர்தான். இரண்டு கெஜ நீளம், இரண்டு கெஜ அகலம், ஒரு கெஜ ஆழம் கொண்ட ஒரு குழி வெட்டியவர் தம் கணக்கில் நான்கு என்பார். அளவுப் புத்தகத்தில் 3.06 என்றுதான் ஏறும். தம் உழைப்பில் நாலில் ஒரு பங்கை எவரோ தின்றுவிட்டதாக அவர் நினைப்பது இயற்கை. ஆதலின் மண்வெட்டி நிலத்தில் படும் முன்பே, மீட்டர் குறித்த கோலைத் தொழிலாளர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலை முடிந்தபின் நாடாவுடன் வருகிறவர் நேர்மையாளராக இருந்தாலும் அவரை எவரும் நம்பமாட்டார்.

நிலத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள். ஓர் ஏக்கர் 4,840 சதுர கெஜம். சென்ட் அதில் நூறில் ஒன்று, 48.4 சதுர கெஜம். பக்கத்துக்கு ஏழு கெஜம், அதாவது பதினான்கு முழம் உள்ள ஒரு சதுரத்தைக் கயிறு போட்டுக் காட்டினால், அது ஒரு சென்ட்டுக்கு ஒரு பாய் அளவுகூட அதிகமில்லை. இன்றைய பட்டாவில் காணும் ஏர் என்பது பத்து மீட்டர் சதுரம். அது ஏறத்தாழ இரண்டரைச் சென்ட். சர்வேயர் பிடித்த பழைய சங்கிலி 22 கெஜம், 44 முழம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பாட்டனார் காலத்துப் பத்திரத்தில் சங்கிலி, லிங்க் என்ற சொற்களைக் கண்டு மலைக்க வேண்டா.

இப்போது, நம் மாவட்டத்தில் மட்டுமே எனக்கு நேர்ந்த ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். உதகை ஏரிக்கரையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளைத் தாங்கள் அறிவீர்கள். குதிரை வளர்க்கும் ஒருவர் மட்டக்குதிரை ஒன்றை விலைபேசி, அதற்குரிய ஆங்கிலத் தாளைத் தமிழில் எழுதுவித்துக்கொண்டு வந்தார். அதில் “உயரம் 14.2 முழம்” என்று இருந்தது! பதினான்கு முழம் என்றால் இருபத்தோர் அடி. முதுமலை முகாமின் யானைகள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த உயரம் வராது. ஆங்கிலத்தில் ஹேண்ட் என்று இருந்ததை, கையால் அளப்பது முழந்தானே என்று எழுதியவர் முழமாக்கிவிட்டார்.

குதிரைக்குரிய அந்தக் “கை”, கட்டைவிரலும் சேர்ந்த உள்ளங்கையின் அகலம். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1540-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதை நான்கு அங்குலம் என்று நிறுத்தியது. ஆகவே ஒரு கெஜத்துக்கு ஒன்பது கை. ஒரு முழத்துக்கு நாலரைக் கை. ஒரு கை 10.16 சென்டிமீட்டர். குதிரையின் தலையைச் சேர்க்காமல், கழுத்து முதுகோடு கூடும் மேடான இடம் வரை அளக்க வேண்டும்.

தாளைத் திருத்திக் கொடுத்தபின்னும் தொல்லை தீரவில்லை. அந்த 14.2-இல் உள்ள புள்ளி தசமப் புள்ளி அன்று. பதினான்கு கையும் இரண்டு அங்குலமும் என்பதே அதன் பொருள். 14.3-க்கு அடுத்தது 15. எனவே பதினான்கை நான்கால் பெருக்கி இரண்டைக் கூட்ட, 58 அங்குலம், மூன்று முழமும் நான்கு அங்குலமும், 147.3 சென்டிமீட்டர். எங்களிடம் இருந்த படித்த இளைஞர் ஒருவர் கணக்குப் பொறியில் 14.2-ஐ 10.16-ஆல் பெருக்கி 144.3 என்று விடை சொன்னார். மூன்று சென்டிமீட்டர் அதிகமா என்று கேட்கலாம். மட்டக்குதிரைக்கும் பெருங்குதிரைக்கும் எல்லைக் கோடாக வழங்கிவருவதே இந்தப் பதினான்கு கை இரண்டு அங்குலந்தான். அந்த இடத்தில் மூன்று சென்டிமீட்டர் குதிரையின் இனத்தையே மாற்றிவிடும், விலையையும் மாற்றிவிடும். பொறி பெருக்கியது சரியே. எதைப் பெருக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

துணிக் கணக்கைத் தாய்மார்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். நாலு முழ வேட்டி இரண்டு கெஜம், 1.83 மீட்டர். எட்டு முழ வேட்டி 3.66 மீட்டர். பதினெட்டு முழப் புடவை ஒன்பது கெஜம், 8.23 மீட்டர். கடையில் 5.50 மீட்டர் என்று முத்திரையிட்ட சேலை பன்னிரண்டு முழமே. சொல் பழையதாக இருக்கட்டும். முத்திரையில் மீட்டர் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கெஜத்தையும் முழத்தையும் வைத்து வாணிபம் செய்வதை 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் அனுமதிப்பதில்லை. தோடர் குலப் பெண்கள் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவர்கள். அவர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்யும்போது கோலும் இல்லை, கெஜமும் இல்லை. துணியின் இழைகளையே எண்ணி ஊசியைச் செலுத்துகிறார்கள்.

ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒரு விண்ணப்பம். தீர்மானம் எழுதும்போது எண்ணுக்கு அருகில் அளவையின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். பெரியவர்கள் கெஜத்தில் சொன்னால் கெஜத்திலேயே எழுதி, அடுத்து மீட்டரையும் எழுதி, இரண்டையும் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். நாற்பது என்று மட்டும் ஒருபோதும் எழுத வேண்டா. அந்த மூதாட்டியின் வீட்டுக்கு எதிரே விடுபட்ட ஏழரை முழச் சுவரை மறு ஆண்டில் கட்டி முடித்தோம். அதற்கெனத் தனியே ஒரு தீர்மானம், தனியே ஒரு மதிப்பீடு, தனியே ஒரு கல் லாரி வேண்டியிருந்தது. பழைய சுவரும் புதிய சுவரும் கூடும் இடத்தில் உள்ள கோடு இன்றும் தெரிகிறது.

இம்மண்டபத்தின் வாயிற்படி அருகே ஒரு மரக்கோல் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் மீட்டரும் சென்டிமீட்டரும், மறுபக்கத்தில் கெஜமும் முழமும் வண்ணத்தில் குறிக்கப்பட்டுள்ளன. உணவுக்குச் செல்லும் முன் தாங்கள் ஒவ்வொருவரும் அதில் தங்கள் கையை வைத்து, தங்கள் முழம் பதினெட்டு அங்குலத்துக்கு எத்தனை விரல் கூடுதல், எத்தனை விரல் குறைவு என்று பார்த்துக் குறித்துக்கொண்டு செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் முழம் அரை அங்குலம் குறைவு. அதை நானே அதில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.